உங்க வீட்டு முற்றத்துலயே உச்சிப்பொழுதை அளந்து, லீப் செகண்ட் எவ்ளோ பெருசுன்னு பாக்குறது எப்படி

லீப் செகண்ட் பத்தி கேட்டா நெறைய பேரு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. பூமி வருஷத்துக்கு ஒரு செகண்ட் மெதுவாகுது, அதனால கடிகாரத்துல ஒரு செகண்ட் சேக்குறாங்க, அவ்ளோதான். இதுல முதல் பாதி தப்பு. ரெண்டாவது பாதியும் யாராவது கையில புடிச்சு காட்டாத வரைக்கும் மனசுல நிக்காது. ஒரு தகரத்தகடு, ஒரு தூக்குகுண்டு, ஒரு போன் இருந்தா காரைக்குடி பக்கம் எந்த வீட்டு முற்றத்துலயும் மொட்டை மாடியிலயும் இதை அளந்து பாத்துடலாம். 1972ல இருந்து இதுவரைக்கும் சேத்த மொத்த லீப் செகண்டும் உங்க தரையில எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வச்சே சொல்லிடலாம். பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற புள்ளைங்க ப்ராஜெக்டா பண்ணா இன்னும் நல்லது.

கருவிய எடுக்கறதுக்கு முன்னாடி கணக்கு என்னன்னு கொஞ்சம் பாத்துக்கலாம், இல்லன்னா என்னத்த அளக்குறோம்னே தெரியாது.

ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எந்த செகண்ட்? முன்னாடி பூமி ஒரு சுத்து சுத்துற நேரத்தை 86,400ஆ வகுத்தா வர்றதுதான் செகண்டுன்னு இருந்துச்சு. 1967ல அத மாத்தி, சீசியம்-133 அணுவோட கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அதிர்ற நேரம்தான் ஒரு செகண்டுன்னு வச்சுட்டாங்க. அந்த பெரிய நம்பர் சும்மா வரல, பழைய வானியல் செகண்டோட ஒத்துப்போற மாதிரி பாத்து எடுத்தது. ஆனா அந்த பழைய கணக்கோட அடிப்படை 19ஆம் நூற்றாண்டு வானியல் பதிவுகள். அதனால அணு செகண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்க "நாள்" நம்ம காலத்து நாள் இல்ல, சுமாரா 1820 வாக்குல பூமி எவ்ளோ வேகமா சுத்துச்சோ அந்த நாள். அதுக்கப்புறம் பூமி கொஞ்சம் தளந்துடுச்சு. 1970கள்ல ஒரு நாளோட நீளம் 86,400 அணு செகண்டை விட ரெண்டு மூணு மில்லி செகண்ட் கூட இருந்துச்சு.

இந்த இடத்துலதான் எல்லாரும் வழுக்குறாங்க. பூமி வருஷத்துக்கு ஒரு செகண்ட் மெதுவாகுதுன்னு இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு மில்லி செகண்ட் பாக்கி விழுது, அந்த பாக்கி தினமும் சேருது. நம்ம ஊர் பழைய வட்டிக்கடை பேரேட்டுல பாக்கிய அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கிட்டே போயி ஒரு நாள் ஐந்தொகை போட்டு நேர் பண்ணுவாங்கல்ல, அதே வேலைதான். நாளைக்கு ரெண்டு மில்லி செகண்டுன்னா 500 நாள்ல ஒரு முழு செகண்ட். அந்த ஒரு செகண்டை கணக்குல சேத்து நேர் பண்றதுக்குப் பேருதான் லீப் செகண்ட். பூமி ஒரே வேகத்துல சுத்துனாலும், 86,400ஐ விட நாள் கொஞ்சம் நீளமா இருக்க வரைக்கும் லீப் செகண்ட் வந்துகிட்டேதான் இருக்கும். நிஜமாவே பூமி மெதுவாகுற வேகம் ரொம்ப ரொம்ப கம்மி, நீண்டகால சராசரியா நூறு வருஷத்துக்கு ஒரு நாளோட நீளம் 1.8 மில்லி செகண்ட் கிட்ட கூடுது. அதுக்கு முக்கிய காரணம் நிலா. கடல்ல ஏத்தவத்தம் உண்டாக்கி பூமியோட சுழற்சிய அது இழுத்துப் புடிக்குது, அந்த இழுவையில நிலாவும் வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மள விட்டு தள்ளிப் போகுது.

சரி, இப்ப வேலைக்கு வருவோம்.

முதல் வேலை உங்க வீட்டோட தீர்க்கரேகை. போன்ல மேப்பைத் திறந்து உங்க வீட்டு மேல விரல அழுத்திப் புடிச்சா ரெண்டு நம்பர் வரும், ரெண்டாவதா வர்றதுதான் வேணும். காரைக்குடிக்கு அது 78.78 டிகிரி கிட்ட. இந்திய நேரம் 82.5 டிகிரி கோட்டுக்கு போட்டது, அது மிர்சாபூர் பக்கமா போகுது. நாம அதுக்கு 3.72 டிகிரி மேக்க இருக்கோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். அப்ப 14 நிமிஷம் 53 செகண்ட். அதாவது சராசரியா பாத்தா காரைக்குடியில சூரியன் உச்சிக்கு வர்றப்ப கடிகாரம் 12:14:53 காட்டும். தேவகோட்டைக்காரங்களுக்கு 12:14:43 கிட்ட. உங்க வீட்டு நம்பரை நீங்களே போட்டுக்குங்க, ரெண்டு தசமம் போதும், ஏன்னா 0.01 டிகிரிங்கிறது 2.4 செகண்ட்தான்.

"சராசரியா"ன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. பூமி சூரியனை வட்டமா சுத்தல, அச்சும் சாஞ்சு கெடக்கு, அதனால சூரியன் சில மாசம் கடிகாரத்தை முந்தும், சில மாசம் பிந்தும். நவம்பர் 3 வாக்குல 16 நிமிஷம் 25 செகண்ட் முந்தி வரும், அன்னிக்கு காரைக்குடியில உச்சி 11:58:28. பிப்ரவரி 11 வாக்குல 14 நிமிஷம் 14 செகண்ட் பிந்தும், அன்னிக்கு 12:29:07. ஒரே ஊரு, ஒரே முற்றம், அரை மணி நேர வித்தியாசம். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 இந்த நாலு நாள் வாக்குல மட்டும் வித்தியாசம் பூஜ்யம். நீங்க அளக்குற நாளுக்கு என்ன மதிப்புன்னு சூரிய நேர கணக்கு போடுற எந்த நல்ல வானியல் தளத்துலயும் கெடைக்கும், கொல்கத்தா பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் வருஷா வருஷம் போடுற வானியல் பஞ்சாங்கத்துலயும் இருக்கும். கட்டாயம் அந்த நாளோட மதிப்பைத்தான் எடுக்கணும். டிசம்பர் கடைசியில ஒரே நாள்ல 30 செகண்ட் மாறும்.

அடுத்தது கடிகாரம். டிவியில ஓடுற நேரத்தை வச்சு எதையும் செட் பண்ணாதீங்க, டிடிஎச்ல படம் நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள சில செகண்ட் போயிருக்கும். சுவர்ல தொங்குற பெண்டுலம் கடிகாரம் எவ்ளோ அருமையா ஓடுனாலும் இந்த வேலைக்கு ஆகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல தேடி எடுத்து, ஆயில் விட்டு, சாவி குடுத்து ஓட வச்சிருக்கவங்க மனசு நோகக்கூடாது, ஆனா அது வாரத்துக்கு அரை நிமிஷம் தப்பாம ஓடுனாலே பெரிய விஷயம். போன்ல ஆட்டோமேட்டிக் டைம் ஆன் பண்ணி வைங்க, அதோட நெட்வொர்க் டைம் காட்டுற ஒரு ஆப் போட்டு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட சர்வருக்கு ஒத்துப் பாருங்க. இந்தியாவோட நேரத்தை அணுக்கடிகாரம் வச்சு காப்பாத்துறது அவங்கதான். ஒரு செகண்டுக்குள்ள சரியா இருந்தா போதும்.

இதுல ஒரு எச்சரிக்கை. சில ஜிபிஎஸ் ஆப்புல "ஜிபிஎஸ் நேரம்"னு தனியா ஒண்ணு காட்டும், அது நம்ம நேரத்தை விட 18 செகண்ட் முன்னாடி ஓடும். ஆப்புல பழுது எதுவும் இல்ல. ஜிபிஎஸ் கடிகாரம் 1980 ஜனவரி 6ல ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் வந்த 18 லீப் செகண்டையும் அது எடுத்துக்கல. ஜிபிஎஸ் மாதிரியே நம்ம நாட்டுக்குன்னு இருக்க நாவிக்கோட கடிகாரமும் அதே 18 செகண்ட் முன்னாடிதான். அந்த நேரத்தை எடுத்துட்டீங்கன்னா உங்க அளவு மொத்தமும் போச்சு.

இப்ப தரையில கோடு. வடக்கு தெற்கு கோடு சரியா விழுந்தாத்தான் மத்ததெல்லாம். போன் காம்பஸ் வேண்டாம், பக்கத்துல இரும்புக் கிராதி இருந்தாலே ஊசி திரும்பிடும், காந்த வடக்கும் நிஜ வடக்கும் ஒரே திசை இல்ல. வீட்டுச் சுவரும் வேண்டாம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி மாதிரி ஊர்கள்ல வீடெல்லாம் திசை பாத்து வரிசையா கட்டியிருப்பாங்க, தோராயமா சரிபாக்க அது உதவும், ஆனா செகண்ட் கணக்குக்கு பத்தாது.

ஸ்தபதிங்க கோவிலுக்கு திசை பாக்க சங்கு நட்டு நிழல் பாப்பாங்களே அந்த முறைதான் இன்னிக்கும் பெஸ்ட். சமமான தரைய தேடுங்க, ரசமட்டம் வச்சு நாலு பக்கமும் பாத்துக்குங்க. பழைய முற்றத்துல தண்ணி ஓடுறதுக்காக ஒரு மூலைக்கு சரிவு குடுத்திருப்பாங்க, அதனால ஒரு பிளைவுட் பலகைய போட்டு கீழ அட்டைத்துண்டு சொருகி மட்டம் பண்ணிக்கிறது நல்லது. பலகை மேல ஒரு நேரான கம்பிய செங்குத்தா நிறுத்துங்க, அடியில இருந்து காம்பஸ் இல்லன்னா நூல் வச்சு ஒரு வட்டம் போடுங்க. காலையில பத்து மணிக்கு முன்னாடி நிழலோட நுனி வட்டத்துக்கு வெளிய இருக்கும், மெல்ல உள்ள வரும். வட்டத்தைத் தொடுற எடத்துல ஒரு புள்ளி, பக்கத்துல நேரம், செகண்டோட. மத்தியானம் ரெண்டு ரெண்டரை மணி வாக்குல நுனி திரும்ப வெளிய போகும், தொடுற எடத்துல இன்னொரு புள்ளி, நேரம். ரெண்டு புள்ளியையும் சேத்தா கிழக்கு மேற்கு. அதோட நடுவுல இருந்து கம்பி அடிக்கு இழுத்தா வடக்கு தெற்கு. ரெண்டு நேரத்துக்கும் நடு நேரம் எடுத்தா அதுவே அன்னிக்கு உச்சி நேரம். நாள்பூரா சூரியன் வடக்கயோ தெக்கயோ கொஞ்சம் நகர்றதால இதுல ஒரு சின்ன பிழை வரும், ஆனா நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கதால அது மிஞ்சிப்போனா அஞ்சு செகண்ட் கிட்ட, விட்டுடலாம். அஞ்சாறு வட்டம் வேற வேற சைஸ்ல போட்டு வச்சா மேகம் மறைச்சாலும் ஏதாவது ஒரு ஜோடி மாட்டும்.

ஒண்ணு மட்டும் செய்யக்கூடாது. கணக்குப்படி உச்சி 12:14:53ன்னு தெரிஞ்சுபோச்சே, அந்த நேரத்துக்கு நிழல் எங்க விழுதோ அங்கயே கோட்டைப் போட்டுடலாம்னு தோணும். அப்படிப் போட்டா கோடு உங்க கணக்கைத்தான் உங்ககிட்ட திருப்பிச் சொல்லும், சூரியன் என்ன சொல்லுதுன்னு தெரியவே தெரியாது. கோடு கடிகாரத்தைப் பாக்காம விழணும்.

கம்பி நிழல்ல இன்னொரு பிரச்சனை இருக்கு, நுனி மங்கலா இருக்கும். சூரியன் ஒரு புள்ளி இல்ல, அரை டிகிரி அகலமான தட்டு, அதனால நிழலோட ஓரம் கலங்கிப் போயிடுது. திசை பாக்க அது போதும், செகண்ட் பாக்க போதாது. அதுக்குத்தான் தகடு. ஒரு சாண் அகலத் தகட்டுல நடுவுல நாலு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு தரையில இருந்து ரெண்டு மீட்டர் ஒசரத்துல படுக்கையா மாட்டுங்க. முற்றத்து மேல கம்பிக் கிராதி போட்ட வீடா இருந்தா அதுலயே கட்டித் தொங்க விடலாம், ஒசரம் கூடினா இன்னும் நல்லது. தகட்டை சுத்தி பெரிய அட்டைய கட்டி நல்ல நிழல் உண்டாக்கிட்டா, தரையில கருப்புக்கு நடுவுல ஒரு வெள்ளை வட்டம் விழும். அது ஓட்டையோட உருவம் இல்லீங்க, சூரியனோட படம். ஓட்டைய சதுரமா வெட்டுனாலும் கீழ வட்டமாத்தான் விழும், கிரகணத்தன்னிக்கு பாத்தா பிறை பிறையா விழும். ரெண்டு மீட்டருக்கு அந்த வட்டம் கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். சூரியனை நேரா மட்டும் ஒருக்காலும் பாக்காதீங்க, ஓட்டை வழியாவும் பாக்காதீங்க, பாக்க வேண்டியதெல்லாம் தரையிலதான் இருக்கு.

ஓட்டைக்கு நேர் கீழ எந்தப் புள்ளின்னு கண்டுபிடிக்க தூக்குகுண்டு. ஓட்டை வழியா நூலை விட்டு குண்டைத் தொங்கவிட்டா, நம்ம ஊர் காத்துக்கு அது நிக்கவே நிக்காது. பக்கத்து வீட்டுல பூச்சு வேலை பாத்துக்கிட்டிருந்த கொத்தனார்தான் இதுக்கு வழி சொன்னாரு. "தம்பி, குண்ட ஒரு வாளித் தண்ணிக்குள்ள விடுங்க, ஆட்டம் தானா அடங்கிரும், அப்புறம் நூலுக்கு ரெண்டு பக்கமும் மட்டம் புடிச்சு புள்ளிய கீழ எறக்கிக்கலாம்." அப்படியே பண்ணுனோம். "எதுக்குண்ணே இவ்ளோ சரியா வேணும்னு கேக்கலையே"ன்னு கேட்டேன். "குண்டு புடிச்சா சரியாத்தான் புடிக்கணும், அதுல என்ன கேள்வி"ன்னுட்டு சாந்து கொழைக்கப் போயிட்டாரு. அந்தப் புள்ளி வழியா, முன்னாடி போட்ட கோட்டுக்கு இணையா ஒரு வடக்கு தெற்கு கோடு போடுங்க. பென்சில்ல மெல்லிசா போதும். ஆத்தங்குடி கல்லு மேல நேரா கிறுக்காதீங்க, வெள்ளை சார்ட் பேப்பர ஒட்டி அது மேல போடுங்க.

இனி காத்திருக்கணும். உச்சிக்கு பத்து நிமிஷம் முன்னாடியே உக்காந்துடுங்க. வட்டம் மேக்க இருந்து கிழக்க நகரும், நகர்றது கண்ணுக்கே தெரியும். நிமிஷத்துக்கு ஒம்பது மில்லிமீட்டர் கிட்ட. வட்டத்தோட முன் ஓரம் கோட்டைத் தொடுற நொடி ஒரு நேரம், பின் ஓரம் கோட்டை விட்டுப் போற நொடி இன்னொரு நேரம். ஒருத்தர் "இப்ப"ன்னு சொல்லணும், இன்னொருத்தர் போன்ல பாத்து எழுதணும், ஒரே ஆள் ரெண்டையும் பண்ணா கை தடுமாறும். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டரை நிமிஷம் கிட்ட ஓடும். நடு நேரம்தான் உங்க உச்சி. பொறுமையா பண்ணா கணக்குல வந்த நேரத்துக்கு அஞ்சு பத்து செகண்டுக்குள்ள வந்து நிக்கும். ஒரு தகரத்துல ஓட்டை போட்டு, டெல்லியில இருக்க அணுக்கடிகாரத்தை சூரியனோட இவ்ளோ நெருக்கமா ஒப்பிட்டுப் பாக்க முடியுதுங்கிறது எனக்கு இன்னிக்கும் சாதாரணமா தெரியல.

எந்த நாள் பண்றதுன்னு கேட்டா நான் சித்திரை ரெண்டு மூணு தேதிய சொல்வேன், அதாவது ஏப்ரல் 15, 16. அப்ப சூரியன் சரியா நம்ம தலைக்கு மேல வரும். காரைக்குடி பத்து டிகிரி அட்சரேகையில இருக்கதால உச்சியில நிழலே இல்லாத நாள் அப்பதான் வரும், திரும்ப ஆகஸ்ட் 26, 27 வாக்குல ஒருதடவை. அதுவும் சித்திரையில ஒரு யோகம், சூரியன் முந்துறது பிந்துறது ரெண்டும் பூஜ்யம் ஆகுற நாளும் அதே நாள்தான். அதனால எந்தத் திருத்தமும் போடாம நேரா 12:14:53க்கு அந்த வெள்ளை வட்டம் தூக்குகுண்டு புள்ளி மேலயே வந்து உக்காரும். கோடு மட்டும் ஒரு மாசம் முன்னாடியே போட்டு வச்சுக்குங்க, அன்னிக்கு நிழலை வச்சு திசை பாக்குறது கஷ்டம்.

இப்ப லீப் செகண்டுக்கு வாங்க. ஒரு செகண்டுக்கு அந்த வட்டம் நகர்றது 0.15 மில்லிமீட்டர் கூட இல்ல. பென்சில் கோட்டோட தடிமனே அதை விட அதிகம். அப்ப ஒரு லீப் செகண்டை ஒரு நாள்ல பாக்க முடியாது. ஆனா 1972 ஜூன் 30ல முதல் லீப் செகண்ட் சேத்ததுல இருந்து 2016 டிசம்பர் 31 வரைக்கும் மொத்தம் 27 சேத்திருக்காங்க. 27 செகண்டுன்னா உங்க தரையில 4 மில்லிமீட்டர். அதைப் பாக்கலாம்! ஸ்கேல் வச்சு கோட்டுக்குப் பக்கத்துல 4 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு போடுங்க, மேக்குப் பக்கமா. லீப் செகண்டே சேக்காம விட்டிருந்தா நம்ம கடிகாரம் 27 செகண்ட் முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கும், அது 12:14:53 காட்டுறப்ப வட்டம் இன்னும் கோட்டுக்கு வந்திருக்காது, அந்த ரெண்டாவது கோட்டுல நின்னுகிட்டு இருக்கும்.

இதையே தரையில இல்லாம ஊர் அளவுல பாத்தா இன்னும் நல்லா புரியும். பிள்ளையார்பட்டி காரைக்குடிக்கு மேக்க ஒரு பன்னெண்டு கிலோமீட்டர். அங்க சூரியன் உச்சிக்கு வர்றது நமக்கு வந்து கிட்டத்தட்ட 26 செகண்ட் கழிச்சுத்தான். அப்ப அரை நூற்றாண்டு லீப் செகண்டும் சேந்து என்ன பண்ணிச்சுன்னா, காரைக்குடியோட உச்சி நேரம் பிள்ளையார்பட்டி உச்சி நேரத்துக்கு நழுவிடாம புடிச்சு வச்சுது, அவ்ளோதான் அதோட அளவு. இதை மனசுல வச்சுக்கிட்டா, லீப் செகண்ட நிறுத்தினா ராத்திரி பகலாயிடும்ங்கிற மாதிரி வர்ற வாட்சப் மெசேஜுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிடலாம்.

சேக்குறது யாருன்னா பாரிஸ் வானாய்வகத்துல இருக்க ஐஇஆர்எஸ், பூமியோட சுழற்சியக் கணக்கு வைக்கிற உலக அமைப்பு. குவாசார்னு சொல்ற ரொம்ப தொலைதூர விண்பொருள்கள்ல இருந்து வர்ற ரேடியோ அலைய பல நாட்டு டெலஸ்கோப்புல ஒரே நேரத்துல புடிச்சு பூமி எவ்ளோ திரும்பியிருக்குன்னு அளப்பாங்க. அந்த பூமி நேரத்துக்கு யூடி1னு பேரு, அணுக்கடிகாரத்தை வச்சு நாம பயன்படுத்துற நேரத்துக்கு யூடிசி. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.9 செகண்டைத் தாண்டக்கூடாதுங்கிறது விதி. தாண்டப் போற மாதிரி தெரிஞ்சா ஜூன் கடைசி இல்லன்னா டிசம்பர் கடைசியில ஒரு செகண்ட் சேப்பாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா புல்லட்டின் சி-ன்னு ஒரு பக்க அறிவிப்பு வரும், யார் வேணாலும் படிக்கலாம். அதுல 37னு ஒரு நம்பர் இருக்கும், பாத்து குழம்பிடாதீங்க. 1972ல முறை ஆரம்பிக்கிறப்பவே அணு நேரத்துக்கும் யூடிசிக்கும் 10 செகண்ட் வித்தியாசம் இருந்துச்சு, அதோட 27 சேந்தா 37.

லண்டன்ல நடுராத்திரி வர்ற அந்த செகண்ட் நமக்கு விடிகாலையில வரும். 2017 ஜனவரி 1 காலையில நம்ம நேரம் 5:29:59க்கு அப்புறம் 5:29:60னு ஒண்ணு வந்துட்டுத்தான் 5:30:00 ஆச்சு. புது வருஷத்துக்கு வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல ஒரு செகண்ட் கூட கெடச்சிருக்கு.

பஞ்சாங்கத்துல இந்தப் பிரச்சனையே இல்லங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். உதயாதி நாழிகைன்னு சூரிய உதயத்துல இருந்து எண்ணுறாங்க, ஒரு நாழிகை 24 நிமிஷம். தினமும் உதயத்துல கணக்கு புதுசா ஆரம்பிக்கிறதால பாக்கியே சேராது. உலகம் பூரா ஒரே கடிகாரம் வேணும், அதுவும் மாறாத செகண்டா வேணும்னு வந்தப்பதான் பாக்கி சேர ஆரம்பிச்சுது.

சர்வர், டேட்டாபேஸ்னு வேலை பாக்குறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. பெரும்பாலான கம்ப்யூட்டருக்கு 60வது செகண்டுன்னா என்னன்னே தெரியாது, 59க்கு அப்புறம் அதே செகண்டை ரெண்டு தடவை எண்ணும், இல்லன்னா பின்னாடி போகும். 2012 ஜூலை 1 காலையில நம்ம நேரம் அஞ்சரைக்கு லினக்ஸ் கர்னல்ல இருந்த ஒரு கோளாறுல உலகம் பூரா சர்வருங்க முழுவேகத்துல சுத்திக்கிட்டு நின்னுச்சு, ரெட்டிட் விழுந்துச்சு. 2017ல கிளவுட்ஃபிளேர்ல நேரம் பின்னாடி போயி, கழிச்சா மைனஸ்ல விடை வந்து, அதனால டிஎன்எஸ்ல கொஞ்சம் படுத்துச்சு. கூகுள் மாதிரி கம்பெனிங்க அந்த ஒரு செகண்டை 24 மணி நேரத்துக்கு பரப்பி கொஞ்சம் கொஞ்சமா கலந்துடுவாங்க. நீங்க என்டிபி செட் பண்றப்ப அப்படிக் கலக்குற சர்வரையும் கலக்காத சர்வரையும் ஒரே லிஸ்ட்டுல போடாதீங்க, அன்னிக்கு ரெண்டும் அரை செகண்ட் வரைக்கும் முரண்படும். நேர வித்தியாசம் அளக்குற எடத்துலயெல்லாம் சுவர்க்கடிகார நேரத்தைக் கழிக்காம, பின்னாடி போகாத மோனோடானிக் கடிகாரத்தை வச்சு அளங்க. இதை இன்னிக்கே பண்ணலாம், லீப் செகண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

2016க்கு அப்புறம் ஏன் ஒண்ணுமே வரலன்னா, பூமி வேகம் எடுத்திருக்கு. 2020ல இருந்து நெறைய நாள் 86,400 செகண்டுக்கும் கம்மியாவே முடிஞ்சிருக்கு. 2024 ஜூலை 5 அன்னிக்கு 1.66 மில்லி செகண்ட் கம்மி. பூமிக்குள்ள இருக்க திரவ மையம், காத்து, கடல், துருவத்துப் பனி உருகி தண்ணி பூமத்திய ரேகை பக்கம் வர்றது எல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்குது. பனி உருகுறது பூமியை மெதுவாக்குற பக்கம்தான் இழுக்குது. 2004 டிசம்பர்ல நம்ம கடலோரத்தை அழிச்ச சுனாமிக்கு காரணமான அந்த சுமத்ரா பூகம்பம் நாளோட நீளத்தை 2.68 மைக்ரோ செகண்ட் குறைச்சிருக்கும்னு நாசா விஞ்ஞானிங்க கணக்குப் போட்டாங்க. இப்ப யூடி1க்கும் யூடிசிக்கும் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே கெடக்கு. இதே வேகத்துல போனா ஒரு செகண்டை எடுக்க வேண்டி வரலாம், 5:29:58க்கு அப்புறம் நேரா 5:30:00. இதுவரைக்கும் அப்படி ஒருதடவை கூட பண்ணதில்ல, எந்த சாஃப்ட்வேரும் நிஜத்துல அதைப் பாத்ததில்ல, அதனாலதான் எல்லாரும் பயப்படுறாங்க.

அந்தப் பயம் நியாயம்னுதான் நான் நினைக்கிறேன். 2022 நவம்பர்ல எடை அளவுகளுக்கான உலக மாநாட்டுல, 2035க்குள்ள இந்த 0.9 செகண்ட் வரம்பைப் பெருசாக்கிடணும், குறைஞ்சது நூறு வருஷத்துக்கு எதையும் சேக்க வேண்டாத மாதிரி வைக்கணும்னு முடிவெடுத்திருக்காங்க. நம்ம முற்றத்துல 4 மில்லிமீட்டர் ஆகுற ஒரு விஷயத்துக்காக ஆஸ்பத்திரி, விமானம், பேங்க் கம்ப்யூட்டரையெல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பதற வைக்கிறது சரியில்ல. ஆனா அளக்குறத மட்டும் யாரும் நிறுத்தக்கூடாது. ஐஇஆர்எஸ் அளக்குறத நிறுத்தப் போறதும் இல்ல.

நமக்கு மாறப்போறது கணக்குல ஒரே ஒரு வரி. இப்ப காரைக்குடி உச்சிக்கு 12:14:53ஐ எடுத்து, சூரியன் முந்துனா கழிச்சு, பிந்துனா கூட்டி முடிச்சிடுறோம். 2035க்கு அப்புறம் யூடி1ல இருந்து யூடிசியக் கழிச்சா வர்ற வித்தியாசத்தையும் ஐஇஆர்எஸ் பட்டியல்ல பாத்து எடுத்து, அது ப்ளஸ்ஸா இருந்தா அந்த நேரத்துல இருந்து கழிக்கணும், மைனஸா இருந்தா கூட்டணும். சார்ட் பேப்பர்ல அதுக்கும் ஒரு கட்டம் இப்பவே போட்டு வச்சுக்குங்க, தேதி, கணக்குல வந்த நேரம், அளந்த நேரம், அன்னிக்கு யூடி1 வித்தியாசம்னு நாலு கட்டம்.